மலைத்தேன் போட்ட கமெண்ட்

அத்தியாயத்தைப் பதிவேற்றிய பிறகும் கீதாஞ்சலி போனைக் கீழே வைக்கவில்லை. கொல்லைப் புளியமரத்தடியில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் கல்லில் உட்கார்ந்து, கமெண்டுகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அந்த வடிவாம்பாள் கிழவி எப்போ சாவா சிஸ்?'

'நாளைக்குக் கடைசி யூடியில அவமேல லாரிய ஏத்துங்க, ப்ளீஸ்.'

வாசகிகள் பாசக்காரர்கள். ஆனால் கீதாஞ்சலி தேடியது அவர்களை அல்ல, மலைத்தேனை.

செல்போன் செயலியில் அவள் தொடர்கதை எழுதுகிறாள். தினம் ஒரு யூடி, அதாவது ஓர் அத்தியாயம். ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். அத்தனை பேரில் மலைத்தேன் என்கிற ஒரு ஆள் மட்டும் நாளைய அத்தியாயத்தை இன்றைக்கே சொல்லிவிடுகிறது. படம் கிடையாது, ஊர் கிடையாது, வெறும் பெயர்தான்.

'நாளைக்கு மாமியாக்காரி மருமவளோட பொருள் ஒண்ண எடுத்துப் பூட்டி வெப்பா' என்று ஒருநாள் போட்டது. மறுநாள் அத்தியாயம் அப்படியே அமைந்தது. 'அடுத்து மருமவளோட அப்பன் வருவாரு, மாமியாக்காரி மூஞ்சி குடுத்துப் பேச மாட்டா' என்றது. அதுவும் பலித்தது.

முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தாள். மாமியார்கள் எல்லாம் ஒரே அச்சு, யூகிக்க என்ன கஷ்டம். பிறகுதான் பயம் பிடித்தது.

ஏனென்றால் அவள் எதையும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. அதுதான் அவளுடைய தொழில் ரகசியம். அன்றன்று வீட்டில் மாமியார் சாந்தம்மாள் செய்வதைத்தான் அன்றன்றே சீவிச் சிங்காரித்து ஒரு கோயம்புத்தூர் பங்களாவுக்குள் கொண்டுபோய் வைப்பாள். சாந்தம்மாள் பீரோவில் பூட்டிய தேன் பாட்டில், கதையில் வைர நெக்லஸ். உப்புப் போடாத சாமைக் கஞ்சி, கதையில் விஷம் கலந்த சூப். சாந்தம்மாள்தான் வடிவாம்பாள்.

இது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சாந்தம்மாள் காதுக்குப் போனால் அவ்வளவுதான். உலகமே கரித்துக்கொட்டும் கிழவி தான்தான் என்று தெரிந்துகொண்ட மாமியாரின் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் கையால் எப்படிச் சோறு வாங்கித் தின்பது?

ஆக, மலைத்தேன் இந்த வீட்டுக்குள் புழங்குகிற ஆள். யார்?

கணவன் ரமேஷ் மேல்தான் முதல் சந்தேகம். ஆனால் அவன் போனில் கபடியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அம்மாவைப் பற்றி ஒரு வரி கண்ணில் பட்டிருந்தாலும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பான். அடுத்தது பக்கத்து வீட்டு ரஞ்சிதம். வேலிக்கு மேல் எந்நேரமும் அவள் தலை தெரியும். ஆனால் அவள் போன வாரம் முழுக்கப் படவேட்டில் அண்ணன் வீட்டில் இருந்தாள். மலைத்தேன் அந்த வாரமும் தவறவில்லை.

அதைவிட அதிகமாகக் குடைந்தது வேறொரு கேள்வி. வீட்டில் நடந்ததை ஒட்டுக்கேட்டுச் சொல்லலாம். நடக்கப்போவதை எப்படிச் சொல்ல முடியும்?

நடுவில் சாந்தம்மாளுக்கு என்ன தோன்றியதோ, சில நாள் தங்கமாக இருந்தாள். மருமகள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். கோழி அடித்துக் குழம்பு வைத்து, ஈரல் துண்டைத் தேடி எடுத்து இவள் தட்டில் போட்டாள். கீதாஞ்சலிக்குச் சோறு இறங்கியது, எழுத்து ஓடவில்லை. 'யூடி எங்கே சிஸ்' என்று வாசகிகள் ஒப்பாரி வைத்தார்கள். தலையில் கைவைத்துக்கொண்டு கல்லிலேயே கிடந்தாள்.

அன்றைக்கு மலைத்தேன் போட்ட கமெண்ட்: 'கவலப்படாத. நாளைக்கு அவ பழையபடி ஆய்டுவா.'

மறுநாள் சாந்தம்மாள் காரணமே இல்லாமல் குழம்புச் சட்டியைத் தூக்கி வாசலில் போட்டு உடைத்தாள். கீதாஞ்சலி அழுதாள். அழுதுகொண்டே எழுதினாள். இதுவரை அதிகம் பேர் படித்தது அந்த அத்தியாயத்தைத்தான்.

இன்றைக்கு எப்படியும் ஆளைப் பிடித்துவிடுவது என்று இருந்தாள். ரமேஷ் கண்ணெதிரே பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். ரஞ்சிதம் வேலிக்கு அந்தப் பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்தாள். இருவர் கையிலும் போன் இல்லை.

கீதாஞ்சலியின் போன் அதிர்ந்தது. மலைத்தேன்.

'அவள சாவடிக்கத் தேவ இல்ல. நாளைக்கு அவளே பொட்டியக் கட்டிக்கினு மக வூட்டுக்குப் போய்டுவா.'

கீதாஞ்சலி திரும்பவும் படித்தாள். கதையில் வடிவாம்பாளுக்கு மகளே கிடையாது.

செங்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் சாந்தம்மாளுக்குத்தான் உண்டு.

எழுந்து வீட்டுக்குள் ஓடினாள். மாமியாருக்கு மகள் வாங்கிக் கொடுத்த போன் கட்டில்மேல் வெளிச்சம் அணையாமல் கிடந்தது. சாந்தம்மாள் தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மருமகளின் நிழல் விழுந்ததும் நிமிராமலே கேட்டாள்.

"முடிவுக்கு இது போதுமா, இல்ல காலைல பஸ் ஏறுறப்ப நாலு பேரு எதிர்ல உன்ன திட்டிட்டுப் போவட்டா?"