தமிழ்ல சொல்லுங்க சார்!

எழில்மதிக்கு அநியாயம் செய்தவள் சத்யா. அதையும் சும்மா செய்யவில்லை. பார்த்தவர்களெல்லாம், 'அடடா, என்ன மனசு!' என்று மெச்சும்படி செய்தாள்.

இன்ஜினியரிங் முதல் வருஷம். கோபாலகிருஷ்ணன் சார் போர்டு நிறைய மேட்ரிக்ஸ் கணக்கை எழுதிவிட்டு, இங்கிலீஷில் மளமளவென்று விளக்கிவிட்டுத் திரும்புவார். முதல் பெஞ்சிலிருந்து சத்யாவின் கை உயரும்.

"இதைக் கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க சார். தமிழ் மீடியத்துலேர்ந்து வந்தவங்க இருக்காங்க."

அவ்வளவுதான். மொத்த வகுப்பும் கழுத்தை வளைத்து மூன்றாவது பெஞ்சைப் பார்க்கும். அங்கே எழில்மதி. மற்ற தமிழ் மீடியம்காரர்கள் கமுக்கமாக இருந்துவிட, முதல் நாள் அறிமுகத்திலேயே 'கம்மாபுரம், தமிழ் மீடியம்' என்று உரக்கச் சொல்லித் தொலைத்தவள் அவள்தான்.

"ஐயோ பாவம்!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் குரல் கொடுப்பான். சிரிப்பு.

எழில்மதிக்குப் பற்றிக்கொண்டு வரும். பிளஸ் டூவில் கணக்கில் சென்டம் எடுத்தவள் அவள். அணி என்று படித்ததைத்தான் இங்கே மேட்ரிக்ஸ் என்கிறார்கள். பேர் மாறினால் கணக்கு மாறிவிடுமா?

"இவளை யாரு எனக்கு வக்கீலா வச்சாங்க?" என்றாள் பக்கத்திலிருந்த வெண்மதியிடம்.

"உனக்காகத்தானேடி அவ கேட்டுகினு இருக்கா? நல்லது செஞ்சாலும் குத்தமா?"

"மைன்ஸ் டவுன்ஷிப்ல பொறந்து, இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவளுக்கு என் மேல என்ன திடீர்ப் பாசம்? கிளாஸ் ரெப் எலக்‌ஷன் வருதில்ல, அதுக்குத்தான். ஓட்டு வேட்டை!"

"உன் கண்ணுக்கு எல்லாமே கோணலாத்தான் தெரியும்" என்று வெண்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் சார் அறிவித்தார்.

"சத்யா ரொம்பக் கேட்டுக்கிட்டதால, தமிழ் மீடியம் பசங்களுக்கு தினமும் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். வராதவங்களுக்கு இன்டர்னல் மார்க்குல கை வைப்பேன்."

எழில்மதி எழுந்துவிட்டாள். "சார், எனக்கு நடத்துறதே புரியுது சார்."

"கூச்சப்படக் கூடாதும்மா. சத்யாவைப் பாரு. அவசியமே இல்லாம, உனக்குத் துணையா அவளும் உட்கார்றேன்னு சொல்லியிருக்கா."

வகுப்பு கைதட்டியது. சத்யா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமாம்!

ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் காலேஜ் பஸ் போய்விடும். டவுன்ஷிப்புக்கு வந்து, கம்மாபுரம் பஸ்ஸுக்குக் காத்திருந்து, வீடு போய்ச் சேர இருட்டிவிடும். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் அப்பா, பொழுதோடு வீடு திரும்ப வேண்டும் என்ற பேச்சில்தான் அவளைக் காலேஜிலேயே சேர்த்திருந்தார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"தெனம் இப்பிடி லேட்டா வந்துகினு இருந்தா, நீ படிச்சது போதும். வூட்டோட இரு."

அவர் சொன்னால் செய்கிற ஆள்.

மறுநாள் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, டவுன்ஷிப் பஸ் ஸ்டாண்டில் இருவரும் இறங்கினார்கள். மகளைக் கூட்டிப்போக சத்யாவின் அம்மா ஸ்கூட்டியோடு நின்றிருந்தார்.

"ஓ, நீதான் அந்தப் பொண்ணா?" என்றார் எழில்மதியை ஏற இறங்கப் பார்த்து. "சத்யா சொல்லுவா. பாவம், கிராமத்துப் பொண்ணு, நான் கூட இருந்து சொல்லித் தரலைன்னா ஃபெயிலாயிடும்னு."

எழில்மதி திரும்பிச் சத்யாவைப் பார்த்தாள். சத்யா தரையைப் பார்த்தாள்.

"கணக்குன்னா இவளுக்குத் தண்ணி பட்ட பாடும்மா. இவங்கப்பா மைன்ஸ்ல இன்ஜினியர். அந்த ரத்தம் எங்கே போகும்? என்ன சந்தேகம்னாலும் இவளையே கேளு" என்றவர், "இருடி, ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன்" என்று எதிர்க் கடைக்குப் போனார்.

அவர் ரோட்டைக் கடக்கும் வரைதான் எழில்மதியால் பொறுக்க முடிந்தது.

"ஏய், நீ எனக்குச் சொல்லித் தர்றியா? வாயைத் தொறந்து சொல்லு!"

"மெதுவா பேசு, ப்ளீஸ்."

"எதுக்கு மெதுவா? நீ தர்மவதின்னு பேர் வாங்க நான்தான் கெடச்சேனா? உன்னால எங்கப்பா என் படிப்பை நிறுத்தப் போறாரு, தெரியுமா? நாளைக்குக் காலையில நேரா சார்கிட்ட போ. எழில்மதிக்கு எல்லாம் புரியுது, ஸ்பெஷல் கிளாஸ் வேணாம்னு சொல்லு. நீயா ஆரம்பிச்ச, நீயே முடி."

"கிளாஸை நிறுத்த வேணாம்" என்றாள் சத்யா. "நீ வராட்டிப் பரவாயில்லை. உனக்கு அவசியமில்லைன்னு நானே சார்கிட்ட சொல்லிடறேன். ஆனா கிளாஸ் மட்டும் நடக்கட்டும்."

"நானே வரலைன்னா அப்புறம் யாருக்கு ஸ்பெஷல் கிளாஸ்?"

சத்யா கடைப் பக்கம் பார்த்தாள். அம்மா இன்னும் ரொட்டியைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த மேட்ரிக்ஸ் எனக்கு ஒரு எழுத்துகூட புரியலைடி. ஸ்கூல்ல மாதிரி மனப்பாடம் பண்ணியும் ஓட்ட முடியல. எனக்குப் புரியலைன்னு சொன்னா, மொத்தக் கிளாஸும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். தமிழ்ல சொல்லுங்கன்னு சொன்னா, உன்னைத்தானே பார்க்கும்?"