காயாத சாம்பல்

"அடப்பாவி! நல்ல பலகையை ஏன்டா அறுத்தே?"

சூப்பர்வைசர் ரகுபதிக்கு வந்ததே கோபம்! குப்பை எரித்த சாம்பலை ரெசின் பசையில் குழைத்து, கண்ணாடி நார் சேர்த்து, நடைபாலத்துக்குப் பலகை செய்கிற துவாஸ் வட்டாரத் தொழிற்சாலை அது. கடைசிப் பலகையை ஏற்ற வாசலில் லாரி நிற்கிறது. தொழிலாளி கபிலன் என்னடாவென்றால் அதை மெஷினில் கொடுத்து இரண்டு துண்டாக்கிவிட்டான்.

இது லாரி ஏறினால்தான் அவனுக்கு லீவு. சாயங்காலம் சாங்கி ஏர்போர்ட்டில் ஊருக்கு விமானம். மூன்று வயது மகளை இன்னும் நேரில் பார்த்ததில்லை, பாவம். போன ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வளையல் வாங்கப் போனவன், கை அளவு தெரியாமல் மூன்று சைஸில் வாங்கி வந்தான்.

"போன்ல பார்த்துப் பழகின பிள்ளை. நேர்ல பார்த்தா அழுவாளோண்ணே?" என்று பத்து தடவையாவது கேட்டிருப்பான்.

"இன்னொண்ணு செய்ய நாலு நாள் ஆகும் லா! ஊருக்குப் போற நேரத்துல புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினார் ரகுபதி.

"தட்டிப் பார்த்தேண்ணே, சத்தம் சரியில்ல. வெளியே பளபளன்னு இருக்கு, சொன்னா யாரும் நம்ப மாட்டீங்க. உள்ளே பாருங்க."

அறுத்த இடத்தில் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"சாம்பல்ல ஈரம் இருந்திருக்கு. இதுமேல சனங்க நடக்கணும்ல?"

ரகுபதி குனிந்து ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

அதற்குள் முதலாளி பரமசிவம் வந்து அறுத்த இடத்தைப் பார்த்துவிட்டார். "சாம்பல் ராத்திரி முழுக்க ஓவன்ல காயணும்னு சொல்லியிருக்கேன்ல? பாதியில எடுத்தது யாரு?"

"நான்தான் பாஸ்," என்றான் கபிலன். "ஊருக்குப் போற அவசரம்."

"அப்போ லீவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. போய் வேலையைப் பாரு!"

அவர் போனதும் கபிலன் வளையல் பையை எடுத்து லாக்கருக்குள் வைத்துப் பூட்டினான். கண் கலங்கியிருந்தது.

"டேய், எடுத்தது நான்டா! உனக்குத் தெரியாதா?" ரகுபதி அவன் கையைப் பிடித்தார்.

"தெரியும்ணே. நான் சீக்கிரம் முடிச்சு மகளைப் பார்க்கப் போகட்டும்னுதானே எடுத்தீங்க?"

ரகுபதி முதலாளி அறையைப் பார்த்து ஓடினார்.