ஒரே சுற்றில் ஆறு

கடைப் பையன், பிளேடு பதித்த அச்சுப் பலகைமேல் ஆறு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்தான்.

"இப்பப் பாருங்கம்மா."

பொத்தானை அமுக்கினான். அச்சுப் பலகை துணியோடு உருளைகளுக்கு நடுவே மெல்ல நுழைந்து மறுபுறம் வந்தது. தட்டை எடுத்தான். கத்தரி படாமலே துணி முழுவதும் பதினாறு சதுரங்களாக வெட்டுப்பட்டிருந்தது.

அவள் நினைத்துவந்ததைவிடச் சத்தம் குறைவு.

ஜங்ஷன் பக்கத்தில் தையல் மிஷின் விற்கும் கடை. திறந்ததும் முதல் ஆளாக வந்திருந்தாள். வலது கைக் கட்டைவிரல் மூட்டு வீங்கியிருந்தது. இனிக் கத்தரி பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது.

அதற்கப்புறமும் பிடித்தாள். மூன்று முறை.

மிஷினைக் காட்டியவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் கோமதிசங்கர் என்று இருந்தது.

"ஒரு போர்வைக்கு எத்தன சதுரம்மா உங்களுக்கு?"

"பதினாறு."

"அப்போ ஒரே சுத்துல ஆறு போர்வைக்கு ஆச்சு. வெட்டித் தைச்சு ஸ்டாக் வச்சுக்கிடலாம். ஆஸ்பத்திரில கேட்டதும் எடுத்துக் குடுத்துரலாம்லா?"

ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைகளுக்கு என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

மீதியைச் சொல்லவில்லை.

பிரசவ வார்டிலிருந்து ஃபுளோரா சிஸ்டர் கூப்பிடுவார். "அக்கா, ஒண்ணு" என்பார். சில நாள், "ரொம்பச் சின்னது" என்று சேர்த்துக்கொள்வார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் துணிப் பெட்டியைத் திறப்பாள். மூச்சில்லாமல் பிறந்த அந்த ஒரு பிள்ளைக்கென்று நிறம் பார்ப்பாள். வெட்டுவாள். தைப்பாள். சாயங்காலத்துக்குள் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள்.

ஒரு முழ நீளம் போதும்.

அதில் சுற்றித் தகப்பன் கையில் கொடுப்பார்கள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அவளுடையதை ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். நீ பார்க்க வேண்டாம் என்றார்கள்.

அவள் பார்க்கவில்லை.

கோமதிசங்கர் அடுக்குகளைப் பிரித்து, ஆறு குவியலாக மேசைமேல் வைத்தான். ஓரங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினான். அவள் பையில் கொண்டுவந்திருந்த பூப்போட்ட பருத்தித் துணிதான். ஆறு குவியலும் ஒன்றுபோல இருந்தன.

ஃபுளோரா சிஸ்டர் கூப்பிடவில்லை.

இந்த ஆறுக்கும் உரிய பிள்ளைகள் இப்போது எங்கோ வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும். யாரோ கை வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் குவியல்களை விட்டு மிஷினைப் பார்த்தாள்.

"ஒவ்வொண்ணா வெட்டுத மிஷின் இருக்கா தம்பி?"

அவனுக்குப் புரியவில்லை.

"எல்லாத்துலயும் ஒரு துணி மட்டும் வச்சும் வெட்டலாம்மா. ஆனா, வேல மிச்சம்னுதான எல்லாரும் இத வாங்குதாங்க?"

"எனக்கு மிச்சமாக வேண்டாம்."

அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே போய், ஒரு சின்ன மிஷினைத் தூக்கி வந்தான். கரண்ட் கிடையாது. பக்கத்தில் ஒரு கைப்பிடி.

"இதுக்குச் சின்னப் பலகதான். நாலு நாலாத்தான் விழும். ஒரு போர்வைக்கு நாலு தடவ சுத்தணும்."

"சுத்துதேன்."

உள்ளங்கையால் கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தாள். கட்டைவிரல் வேண்டியிருக்கவில்லை. கனமாகத்தான் சுற்றியது. உருளை நகர்வது தோள்வரை தெரிந்தது.

"இதையே குடுங்க."

அட்டைப் பெட்டி எடுக்கப் போனவன் பாதியில் திரும்பி வந்தான்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. வீட்ல ஏழு மாசம். மொதப் பிள்ள." சொல்லும்போதே வெட்கப்பட்டான். "இதுல ஒண்ண நான் எடுத்துக்கிடட்டுமா? எங்க அத்த நல்லாத் தைப்பாங்க."

அவன் கை ஒரு குவியலின்மேல் இருந்தது.

"தொடாதீங்க!"

மறுகோடியில் நூல்கண்டு அடுக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். முகம் சுருங்கிவிட்டது.

அவள் ஆறு குவியலையும் இரண்டு கையாலும் வாரிப் பையில் திணித்தாள். ஒரு சதுரம் கீழே விழுந்தது. அவன் குனிவதற்குள் அவளே எடுத்துவிட்டாள். நிமிர்ந்தபோது மூச்சு வாங்கியது.

சொல்லிவிடலாமா என்று அவனைப் பார்த்தாள். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு இன்னும் அழியாமல் இருந்தது.

"உங்க பிள்ளைக்கு இது பத்தாது தம்பி."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பெருசாத் தைக்கணும். மூணு வயசு, நாலு வயசு வரைக்கும் போத்துத மாதிரி. நானே தைச்சுக் கொண்டாரேன்." பை வாயைச் சுருட்டிக்கொண்டே, "என்ன கலர் வேணும்னு அவங்ககிட்ட கேளுங்க" என்றாள்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பவே கேட்டுருதேன்மா."

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்தான்.

மணி போனது.

போய்க்கொண்டே இருந்தது.

"அடுப்படில நிப்பா" என்றான்.

அவள் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ம், சொல்லுங்க" என்றது ஒரு பெண்குரல். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் பையைத் தளர்த்தி, மேசையடியில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.