மீன்சந்தை விளக்குமாறு

தொழிலாளர் சூசையப்பர் திருநாளில் ஊரார் தங்கள் வேலைக் கருவிகளை மந்திரித்து ஆசீர்வாதம் பெறுவதற்காகக் கோயில் பீடத்தின் முன் வைப்பது வழக்கம். கொத்தனாரின் கரண்டியும் தச்சரின் உளியும் ஏற்கெனவே அங்கே இருந்தன. குருசம்மாள் தன் விளக்குமாற்றை நன்றாகக் கழுவி எடுத்து வந்திருந்தாள்.

“அதையுமா? வாசல்ல போட்டுட்டு வா” என்றார் சாமியாருக்கு உதவியாக நின்ற உபதேசியார்.

அவள் திரும்பினாள். பீடத்தருகே நின்ற பங்குச்சாமி கையை நீட்டினார். “இங்க குடும்மா.”

“சாமி, காலையில மீன்சந்தை கூட்டுனது இது.”

“அந்தச் சந்தை வழியாத்தாம்மா நடந்து வந்தேன். செருப்புல ஒரு செதில்கூட ஒட்டல.”

தீர்த்தம் தெளிக்கும் வெள்ளித் தெளிப்பானை ஓரமாக வைத்துவிட்டு, விளக்குமாற்றைத் தீர்த்தத்தில் முக்கி, கூட்டத்தின் மேல் ஓங்கித் தெளித்தார். முதல் வீச்சு உபதேசியாரின் நெற்றியில் விழுந்தது. துடைக்கப்போன அவர் கை பாதியில் நின்றது. குருசம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.