வெளியாள்

“12.7.2006. பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் வேலையாட்களும் அடக்கம் என்று தவறாக நினைத்து முதலாளியை பாலிசி எடுக்கவைத்தேன். நேற்று மாலை காப்பீட்டுப் பயிற்சி வகுப்பில்தான் உண்மை தெரிந்தது.” டைரியில் இப்படி எழுதிய வேல்விழி, சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கிளார்க்.

சென்ற மாதம் அங்கே நடந்த வெடிவிபத்தில் இருளம்மாள் இறந்திருந்தாள். இன்று காலை முதலாளி ரத்தினசாமியிடம் வேல்விழி விஷயத்தைச் சொன்னாள்.

“வெளியாள் செத்தாத்தான் பணம் வருமாம், முதலாளி.”

“அப்ப இருளம்மாள வெளியாள்னு எழுதிரு. எங்கிட்டக் குடுக்க வேற ஒண்ணுமில்ல.”

“பதினெட்டு வருசமா இங்கன மருந்து அடைச்சவக.”

“சோறு கொண்டாந்தாகன்னு எழுது, தாயி.”

“யாருக்கு?”

“ஒனக்குத்தான். பெத்த மகளுக்கு ஆத்தா சோறு கொண்டாரக் கூடாதா?”

வேல்விழி டைரியில் கடைசி வரியை எழுதினாள்:

“நாளைய வேலை: வருகைப் பதிவேட்டில் அம்மாவின் பெயரை அடித்துவிட வேண்டும்.”