சேவல் கூவும் நேரம்

தேவாலய நாடக ஒத்திகை. இயேசுவின் சீடர் பேதுருவாக வேடம் போட்ட குமாஸ்தாவுக்குப் பொய் சொல்ல வாயே வரவில்லை.

"சேவல் கூவறதுக்குள்ள மூணு தடவை, 'இயேசுவை எனக்குத் தெரியாது'ன்னு கூசாம சொல்லணும் அண்ணே!" இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். "சேவல் குரல் கொடுக்க வந்த புது ஆள் திரைக்குப் பின்னால எவ்வளவு நேரம் காத்திருப்பார்?"

அப்போது குமாஸ்தாவின் போன் அடித்தது. அலுவலக மேலாளர்.

"நாடகமா? எந்த நாடகம்? எனக்கு ஒண்ணும் தெரியாது சார்! காய்ச்சல்ல எழுந்திருக்கவே முடியல. சத்தியமா சார்!"

"இதேதான்! இந்தக் குரல்தான் வேணும்!" இயக்குநர் துள்ளிக் குதித்தார்.

திரைக்குப் பின்னால் சேவல் கூவியது. கூவி முடித்துவிட்டு, காதில் வைத்த போனோடு வெளியே வந்தார் மேலாளர்.

அடுத்தது, பேதுரு மனங்கசந்து அழும் காட்சி. அதற்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.