மாவும் தண்ணீரும்

இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்காவுக்குப் பின் மூன்றாம் ஞாயிறா, நான்காம் ஞாயிறா, சரியாக நினைவில்லை. அவள் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். நடுவில் மடத்துத் தலைவி மதர் இருந்திருக்கவும் கூடும்.

அவள் எழுந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பூசையில் நன்மை வாங்கும், அதாவது மந்திரித்த அப்பம் வாங்கும், வரிசை முடியும் நேரம். எங்கள் பங்குக் கோயிலில் மடத்துச் சிஸ்டர்கள் கடைசியில்தான் போவோம். பதினோரு ஞாயிறாக அவள் மட்டும் போகவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து முழங்கால்களை ஒதுக்கிக்கொள்வாள். நாங்கள் அவளைத் தாண்டிப் போவோம். தாண்டி வருவோம்.

தை மாதக் கடைசியில் அவளுடைய தங்கை பிரசவத்தில் ஆபத்தாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மடம் முழுக்க ஒன்பது நாள் தொடர் செபம். ஆள் மாற்றி ஆள், ஒரு நாழிகை விடாமல்.

பத்தாம் நாள் காலையில் போன் வந்தது.

அடக்கத்துக்குப் போய்த் திரும்பியவள் மதரிடம் ஒன்றுதான் சொன்னாள்.

“நம்பிக்கை இல்லாம நன்மைக்குக் கைய நீட்டுனா அது களவு, மதர்.”

சபையை விட்டுப் போக அனுமதி கேட்டுத் தலைமை மடத்துக்கு எழுதினாள். பதில் வரவில்லை.

வரும்வரை வேலை வேலைதான். பூசைக்கு அப்பம் சுடுவது அவள் பொறுப்பு. வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று மதர் தயங்கிக் கேட்டார்.

“இருக்கட்டும் மதர். மாவும் தண்ணியும் கரைக்கிறதுக்கு நம்பிக்கை எதுக்கு?”

மாவு, தண்ணீர். வேறு எதுவும் சேரக் கூடாது. திருச்சபைச் சட்டம் அது.

அந்த ஞாயிறு, நன்மை வாங்கித் திரும்பியவர்கள் வழக்கம்போலக் கைகூப்பி, தலைகுனிந்து வந்தார்கள்.

வாய்கள் மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தன.

முன் பெஞ்சில் தொம்மையம்மாள் வந்து முழந்தாளிட்டாள். மீன் விற்கிறவள். ஒரே புயலில் இரண்டு மகன்களைக் கடலில் விட்டவள். பக்கத்தில் இருந்த மருமகளிடம் சரிந்தாள்.

“ஏட்டி, ஒனக்கும் கரிச்சிச்சா?”

“பேசாம செபஞ் சொல்லுங்க மாமி.”

எங்கள் பெஞ்சின் ஓரத்தில் இருந்தவள் காதில் அது விழுந்தது.

அசையவில்லை. வலது கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தாள்.

முந்தின நாள் சமையற்கார அம்மா வரவில்லை. அடுக்களையையும் அவளே பார்த்தாள். மேடையில் இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் ராத்திரித் தோசைக்கு மாவு. ஒன்றில் அப்பத்துக்கு மாவு.

கை இரண்டுக்கும் உப்புப் போட்டிருக்கிறது.

முந்நூறு அப்பம்.

எழுந்தாள்.

மதர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வரிசையில் நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். பங்குச் சாமியார் ஜெரோசின் அவளைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு அப்பத்தை உயர்த்தினார்.

“கிறிஸ்துவின் உடல்.”

ஆமென் சொன்னாளா?

ஒரு சத்தம் வந்தது. வார்த்தையா என்று எனக்குத் தெரியாது. சாமி அதற்குமேல் காத்திருக்கவில்லை. நாவில் வைத்துவிட்டார்.

திரும்பி வந்து முழந்தாளிட்டு, முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. மதர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

நான் குனிந்து பார்த்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உப்புப் பாக்கத்தான் போனேன்,” என்றாள் மெதுவாக. “அளவாத்தான் இருக்கு.”

பூசை முடிந்து சாமி உடுப்பு மாற்றும் அறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பாத்திரத்திலும் உப்பு விழுந்ததைச் சொன்னாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

“நம்பிக்கையோட வரல சாமி. களவு பண்ணிட்டேன்.”

சாமி அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“சமைச்சவங்க உப்புப் பாக்குறது களவாகாது, சிஸ்டர்.”

வெளியே யாரோ மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சத்தம் தேய்ந்தது.

“ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சா?”

“முதல் வாயிலயே. நடுப் பூசைல யார்ட்டப் போய்ச் சொல்ல?”

“ஒருத்தரும் துப்பலையா?”

“துப்பவா? தொம்மையம்மா இப்பத்தான் கேட்டுட்டுப் போறா. இனிமே இப்பிடியே சுடுவாங்களான்னு.” அங்கியை அலமாரியில் வைத்தார். “சுடக் கூடாது, பாத்துக்கோங்க. ஆயருக்குத் தெரிஞ்சா என்னையும் சேத்துச் சுட்டுருவார்.”

அவள் வாசலுக்கு வந்து நின்றாள்.

தொம்மையம்மாள் தெருவில் போய்க்கொண்டிருந்தாள். எதற்கோ மருமகளை ஏசிக்கொண்டே போனாள். மருமகளும் விடவில்லை. அவர்கள் திரும்பி மறையும்வரை இவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.



மத்தியானம் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டாள். தங்கை போனபிறகு அதுதான் முதல் தடவை.

அனுமதி ஆனி மாதம் வந்தது. அவள் போனாள்.

ஜெரோசின் சாமி மாற்றலாகி ஒரு மலைப் பங்குக்குப் போனார். ஓய்வு பெற்று அங்கேயே இருக்கிறார். மதர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. தொம்மையம்மாளுக்குக் கண் தெரியவில்லை. மருமகள் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டி வருகிறாள். அப்பம் இப்போது நான் சுடுகிறேன்.

அவள் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி விடுதியில் சமைக்கிறாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறாள். சில ஞாயிறு எழுந்து போய் நன்மை வாங்குகிறாள். சில ஞாயிறு உட்கார்ந்தே இருக்கிறாள்.

இரண்டு விதமான ஞாயிறும் நன்றாகத் தூங்குவதாக எனக்கு எழுதியிருக்கிறாள்.